திருமலைத் துறைமுகமும் தொலைந்த திறப்புகளும்

உங்களுக்கு ஒரு கடிதம் வருகிறது. அனுப்பியவர் ஒரு இளவரசர். ஊரில் கலவரம், தப்பியோடி லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு மாளிகையில் ஒதுங்கியிருக்கிறாராம். உங்களை நேரில் கண்டதில்லை, ஆனாலும் உங்கள்மேல் அபார நம்பிக்கை. இந்தக் கடிதத்தோடு வருகிற கனவான்களை உள்ளே விடுங்கள், உங்கள் வசம் இருக்கிற பெறுமதியான சாமானைக் கொஞ்சக் காலம் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நிலைமை சீரானதும் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வரும் என்கிறார்.

என்ன செய்வீர்கள்? ஸ்பாம் பெட்டிக்குள் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவீர்கள். 1795இல் இலங்கையில் இருந்த ஒல்லாந்தருக்கு வந்த கடிதமும் இதே அச்சுத்தான். ஒரேயொரு வித்தியாசம், இந்த இளவரசர் அசல்.

பெயர் ஐந்தாம் வில்லியம், ஒரேஞ்ச் இளவரசர், ஒல்லாந்தின் தலைவர். அந்த வருஷ ஜனவரியில் பிரெஞ்சுப் படை உறைந்த ஆறுகளின் மேலாலேயே நடந்து வந்துவிட்டது. மனிதர் ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் ஒரு மீன்பிடிப் படகில் ஏறி இங்கிலாந்துக்குப் பறந்தார். அங்கே மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் கியூ என்ற இடத்தில் தங்க வீடு கொடுத்தார். கொடுக்காமல் இருக்க முடியுமா? வில்லியத்தின் தாயாரும் ஜோர்ஜின் தகப்பனாரும் உடன்பிறப்புகள். நம்முடைய கணக்கில் அசல் மச்சான்!

மச்சான் வீட்டில் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியாதே. பெப்ரவரி 7ஆம் திகதி வில்லியம் பேனாவை எடுத்தார். உலகம் பூராவும் இருந்த ஒல்லாந்தக் குடியேற்றங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே வாசகத்தில் கடிதங்கள் போயின: பிரெஞ்சுக்காரன் பிடித்துவிடுவான், ஆகவே ஆங்கிலேயரை நண்பர்களாக நினைத்து உள்ளே விடுங்கள். இவற்றுக்குக் கியூ கடிதங்கள் என்று பெயர். கடிதத்தைச் சுமந்துகொண்டு வந்த தபால்காரர் யார் என்கிறீர்கள்? கோட்டை யாருக்கு வேண்டுமோ, அதே ஆங்கிலேயர்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் அட்மிரல் ரெய்னியரும் கேணல் ஸ்டூவர்ட்டும் சென்னையிலிருந்து கப்பல் கூட்டத்தோடு திருகோணமலைக்கு வந்து நின்றார்கள். மேஜர் அக்னியூ கடிதத்தோடு கொழும்புக்குப் போனார். கொழும்பில் ஆளுநர் வான் அங்கல்பெக் தலையைச் சொறிந்தார். முடியாது என்றால் போர், ஓம் என்றால் வேலை போய்விடும். உலகத்தின் எல்லா மனேஜர்களும் செய்கிற காரியத்தையே அவரும் செய்தார். கொஞ்சம் பேரை மட்டும் உள்ளே விடுங்கள் என்று அரைகுறையாக ஓர் உத்தரவு எழுதித் திருகோணமலைக்கு அனுப்பிப் பொறுப்பைக் கீழே தள்ளிவிட்டார்.

இந்த இடத்தில்தான் என் பிரியத்துக்குரிய கதாபாத்திரம் மேடைக்கு வருகிறார்: திருகோணமலைக் கோட்டைத் தளபதி. உத்தரவைக் கையில் வாங்கினார், மேலும் கீழும் பார்த்தார், இதில் முறைப்பிசகு இருக்கிறது, செல்லாது என்று சொல்லிவிட்டார். வாசலில் முழுக் கடற்படை ஒன்று பீரங்கியோடு நிற்கிறது, மனிதர் கடதாசியில் பிழை பிடிக்கிறார்! நம்பாதே, முதலில் சரிபார் என்று இன்றைக்கு வங்கிகள் உங்களிடம் கெஞ்சுகின்றனவே, அதை இருநூற்றுச் சொச்ச வருஷத்துக்கு முன்னாலேயே கச்சிதமாகச் செய்த ஒரு மனிதர். வரலாறு அவருக்குக் கொடுத்த பரிசு முற்றுகை.

உண்மையில் சரிபார்க்கத்தான் என்ன வழி இருந்தது? இளவரசரிடமே கேட்கலாமென்றால் கடிதம் கியூவுக்குப் போய்ப் பதில் வந்து சேர ஒரு வருஷம் பிடிக்கும். முத்திரையைப் பார்க்கலாம், ஆனால் வில்லியத்தின் முத்திரை எப்படி இருக்கும் என்று திருகோணமலையில் யாருக்குத் தெரியும்? தெரிந்தாலும், அவர் அதைச் சுய விருப்பத்தோடு குத்தினாரா அல்லது மச்சான் பக்கத்தில் நின்று குத்தவைத்தாரா என்று முத்திரை சொல்லாது. இன்றைய ஈமெயில் பாதுகாப்பு நிபுணர்கள் மண்டையை உடைக்கிற பிரச்சினை முழுவதும் அந்த ஒரு கடதாசியில் இருந்தது. அதற்கு அவர்கள் மாநாடு நடத்துகிறார்கள், இவருக்குக் குண்டு விழுந்தது.

ஆங்கிலேயரையும் பெரிய வீரர்களாக நினைத்துவிடாதீர்கள். பேச்சுவார்த்தை இழுபட்ட நேரத்தில் அவர்களுடைய போர்க்கப்பல் டயமீட் துறைமுக வாசலில் கடலுக்கடியில் கிடந்த பாறையில் மோதி மூழ்கியது. ஆட்கள் தப்பினார்கள். ஒல்லாந்தர் ஒரு குண்டு சுடமுதலே ஒரு கப்பல் காலி! பிறகு படையை இறக்கி, பீரங்கியை இழுத்து, சுவரில் ஓட்டை போட்டு, ஓகஸ்ட் 26ஆம் திகதி கோட்டையைப் பிடித்தார்கள். பக்கத்து ஒஸ்டென்பேர்க் கோட்டை ஐந்து நாள் கழித்து விழுந்தது. முதலில் பிடிபட்டது, இன்றைக்கு நாம் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் மான்களுக்கு வாழைப்பழத் தோல் நீட்டுகிற அதே பிரெட்ரிக் கோட்டைதான். மான்கள் யாருடைய அடையாள அட்டையையும் கேட்பதில்லை.

இந்தத் துறைமுகத்துக்கு இது புதுக் கதையும் இல்லை. உலகத்திலேயே சிறந்த துறைமுகம் என்று ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்னதாக ஊரில் ஒவ்வொரு வழிகாட்டியும் உங்களுக்குச் சொல்லுவார். சொல்லியிருக்கலாம். ஆனால் 1775இல் ‘சீஹோர்ஸ்’ கப்பலில் அவர் இந்தப் பக்கம் வந்தபோது அவருக்கு மீசை அரும்புகிற வயது, கப்பலில் பயிற்சிப் பெடியன். பதினாறு வயதுப் பெடியன் இன்ஸ்டகிராமில் போட்ட ரிவியூவை நாங்கள் இரண்டரை நூற்றாண்டாக ஃபிரேம் போட்டு மாட்டிவைத்திருக்கிறோம்.

நெல்சன் பாராட்டிய அந்தத் துறைமுகத்தை 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரென் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். காப்பாற்ற வந்த ஆங்கில அட்மிரல் ஹியூஸ் செப்டெம்பர் 2ஆம் திகதி வந்து பார்த்தால் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. இரண்டு நாள் லேட்!

மறுநாள் கடற்சண்டை. சஃப்ரென் உருண்டு திரண்ட மனிதர், கோபக்காரர், கடலில் மேதை. கிட்டப் போகும்வரை யாரும் சுடக்கூடாது என்பது அவருடைய திட்டம். கிட்ட வாருங்கள் என்று கொடியேற்றிச் சைகை காட்டினார். கப்டன்மார் கவனிக்கிற மாதிரித் தெரியவில்லை. பொறுமை போய், சைகையைப் பாருங்கடா என்கிற அர்த்தத்தில் ஒரு பீரங்கியைச் சுட்டார். மற்றக் கப்பல்கள் அதைச் சுடத் தொடங்கு என்கிற உத்தரவாக எடுத்துக்கொண்டு தூரத்திலிருந்தே படபடவென்று சுடத் தொடங்கிவிட்டன. முழுத் திட்டமும் பாழ். இரகசியமே இல்லாத, ஊருக்கே தெரிகிற ஒரு சைகைக்கு இந்தக் கதி என்றால், இரகசியச் செய்திக்கு என்ன கதி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்கத் தேவையில்லை, பாலாடைக்கட்டிக் கதை இருக்கிறது. திருகோணமலை விழுந்த அதே 1795இல் கொழும்பு இன்னும் ஒல்லாந்தர் கையில். கோட்டையைக் காத்தவர்களில் பெரும் பகுதி டி மியூரோன் ரெஜிமெண்ட் என்ற சுவிஸ் கூலிப்படை. படையின் சொந்தக்காரரான டி மியூரோன் பிரபு ஐரோப்பாவில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். அவருடைய தம்பி கொழும்பில் அந்தப் படையை நடத்துகிறார். ஸ்கொட்லாந்தில் செயின்ட் அண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்த ஹியூ கிளெக்கோர்ன் என்ற பேராசிரியர், வரலாறு படிப்பித்தது போதும் என்று பிரபுவிடம் போய்ப் பேரம் பேசினார். படையை அப்படியே விலைக்குத் தாருங்கள்! மார்ச் 30ஆம் திகதி கையெழுத்து. பிரபுவுக்குக் காசும் பிரிட்டிஷ் மேஜர் ஜெனரல் பட்டமும்.

எல்லாம் சரி, தம்பிக்கு யார் சொல்வது? அவர் பகைவனுடைய கோட்டைக்குள் இருக்கிறார். இங்கேதான் அந்தக் கதை: பேராசிரியர் கடிதத்தை ஒரு ஒல்லாந்தப் பாலாடைக்கட்டிக்குள் ஒளித்துக் கொழும்புக்குள் அனுப்பினாராம். உண்மையோ, மேசையில் வைன் ஊற்றியபின் பிறந்ததோ, இரண்டு நூற்றாண்டாக இந்தக் கட்டி உருண்டுகொண்டிருக்கிறது. ஒல்லாந்தர் கோட்டைக்குள் ஒல்லாந்தச் சீஸ், யாருக்குச் சந்தேகம் வரும்? என் கவலை வேறு. வாசல் காவலனுக்குப் பசி எடுத்திருந்தால் பிரிட்டிஷ் இலங்கையின் வரலாறு அவன் வயிற்றுக்குள் போயிருக்கும்.

போகவில்லை. சுவிஸ்காரர் படை மாறியது, 1796 பெப்ரவரியில் கொழும்பு சரணடைந்தது. பேராசிரியர் இலங்கையின் முதல் குடியேற்றச் செயலாளர் ஆனார், பிறகு ஆளுநர் நோர்த்தோடு கொளுவுப்பட்டு ஊருக்குத் திரும்பினார். ஒரு தீவைக் கட்டியோடு விழுங்கிய மனிதருக்கு மேலதிகாரியை விழுங்கத் தெரியவில்லை.

இந்தக் கதைகளில் எல்லாம் பூட்டு நன்றாகத்தான் இருந்தது. சுவர் தடிப்பு, பீரங்கி பெரிது. சொதப்பியது எல்லாம் திறப்பை உரிய ஆளிடம் சேர்க்கிற இடத்தில். உலகம் பூட்டுச் செய்தவனுக்குச் சிலை வைக்கிறது. ஆனால் எந்தப் பெரிய பூட்டை வாங்கி மாட்டினாலும், ஊருக்குப் போகும்போது திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்துவிட்டுத்தானே போகிறீர்கள்? பேரரசுகளும் அதையே செய்தன. அவர்களுடைய பூச்சாடி கொஞ்சம் பெரிது.

யப்பானியரின் பூச்சாடி முழுப் பசிபிக் சமுத்திரம்.

1942. யப்பானியக் கடற்படையின் இரகசிய மொழிக்கு அமெரிக்கர் வைத்த பெயர் ஜே.என்.-25. சொல்லுக்குச் சொல் ஐந்து இலக்க எண்கள், அவற்றைத் தேட ஒரு தடித்த புத்தகம். அந்த எண்ணோடு, தாறுமாறான எண்கள் நிறைந்த இன்னொரு புத்தகத்திலிருந்து ஒரு எண்ணைக் கூட்டி வானொலியில் அனுப்புவார்கள். இரண்டாவது புத்தகம்தான் திறப்பு. அது இல்லாதவனுக்கு வெறும் எண் மழை.

மேதைகள் செய்த பூட்டு. ஆனால் ஒரு நல்ல மனசு அதைக் கெடுத்தது. வானொலியில் எண் பிழையாக விழுந்தால் கேட்பவன் கண்டுபிடிக்க வேண்டுமே என்று, முதற் புத்தகத்தில் இருந்த எண்கள் எல்லாவற்றையும் மூன்றால் பிரிபடுகிற எண்களாகவே வைத்தார்கள். கேட்பவனுக்கு வசதி. ஒட்டுக் கேட்பவனுக்கு அதைவிட வசதி! கூட்டிய எண்ணைக் கழித்துப் பார்க்கும்போது மூன்றால் பிரிபட்டால் நாம் சரியான பாதையில் போகிறோம் என்று யப்பான் கடற்படையே பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

சரி, பூட்டு பழசாகிவிட்டது, மாற்றுவோம் என்று அவர்களும் நினைத்தார்கள். புதுப் புத்தகம் 1942 ஏப்ரல் 1ஆம் திகதி நடைமுறைக்கு வரவேண்டும். ஆனால் யப்பான் அப்போது அடித்துக்கொண்டிருந்த சிக்சர்களைப் பாருங்கள்: பர்மா, மலாயா, ஜாவா, பிலிப்பைன்ஸ், நடுப் பசிபிக் தீவுகள். அத்தனை கப்பலுக்கும் அத்தனை தீவுக்கும் புதுப் புத்தகத்தைக் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு கப்பலுக்குக் கிடைக்காவிட்டாலும் மாற்ற முடியாது. ஏப்ரல் 1 மே 1 ஆனது. மே 1 மே கடைசியானது. வெற்றி கூடக் கூடத் திறப்பு விநியோகம் பிந்தியது, அதாவது ஜெயித்த ஒரே குற்றத்துக்காக மாட்டிக்கொண்டார்கள்.

அப்படி யப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் பழைய திறப்போடேயே இலங்கைக்குப் புறப்பட்டன. கொழும்பில், பெம்புரோக் கல்லூரி என்ற பள்ளிக்கூடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் குறியுடைப்பாளர்கள் அவர்களுடைய செய்திகளில் துண்டு துண்டாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். தாக்கப்படப் போகிற இடத்துக்கு யப்பானியர் போட்ட குறி ‘டீ.ஜி.’ எந்த ஊர்? மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு யப்பானியச் செய்தியாளர் அலுத்துப்போய் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டியே அனுப்பிவிட்டாராம்: கோ-ரோ-ன்-போ. பல மாத உழைப்பில் உருவான குறியை நாலு அசையில் போட்டுடைத்த அந்த மனிதர் இன்று ஒவ்வொரு ஒபிஸிலும் இருக்கிறார். பாஸ்வேர்டை வட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர் அவர்தான்.

பிரிட்டிஷாருக்குக் கிடைத்த துருப்பைப் பாருங்கள்! பகைவன் வருகிறான், எங்கே வருகிறான், எப்போது வருகிறான் எல்லாம் தெரியும். ஏப்ரல் 1 அளவில் தாக்குதல் என்று கணக்குப் போட்டு அட்மிரல் சொமவில் தன் கப்பல்களை எல்லாம் திரட்டிக்கொண்டு இலங்கைக்குத் தெற்கே பதுங்கி நின்றார். 31ஆம் திகதி யாரும் வரவில்லை. 1ஆம் திகதி யாரும் வரவில்லை. 2ஆம் திகதியும் இல்லை. பழைய கப்பல்களில் தண்ணீர் முடிந்துகொண்டு வந்தது. சரி, இது ஏப்ரல் ஃபூல் போலிருக்கிறது என்று மாலைதீவின் அட்டு அட்டோலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார். போய்ச் சேர்ந்ததும் நகுமோ வந்தார்.

4ஆம் திகதி கனடா விமானி பேர்ச்சல் தன்னுடைய கட்டலினா விமானத்திலிருந்து யப்பான் கப்பல்களைக் கண்டு, சுடப்பட்டு விழமுதல் செய்தியை அனுப்பிவிட்டார். பல வருஷக் குறியுடைப்பு, பள்ளிக்கூடம் நிறையக் கணித மூளைகள், கடைசியில் கைகொடுத்தது ஒரு மனிதனின் இரண்டு கண். அவர் மிச்ச யுத்தத்தை யப்பானியச் சிறையில் கழித்தார், உலகம் அவரை இலங்கையின் மீட்பர் என்றது. பெம்புரோக் கல்லூரிக்காரரை யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லக்கூடாதே, இரகசியம்!

5ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. 9ஆம் திகதி காலை திருகோணமலையில். சீனக்குடா விமானத் தளமும் எண்ணெய்க் குதங்களும் எரிந்தன. துறைமுகத்தைக் காலி பண்ணுங்கள் என்று முதல் நாளே உத்தரவு போயிருந்ததால் கப்பல்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டன. அதில் ஒன்று ‘ஹேர்மீஸ்’, விமானமே ஏற்றாத விமானந்தாங்கிக் கப்பல். இரவோடு இரவாகத் தெற்கே போனது, திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டது. 307 பேர் அதோடு போனார்கள். இந்த இடத்தில் பகிடி விட எனக்கு மனம் வரவில்லை, அடுத்த பந்திக்குப் போவோம்.

தாக்குதலுக்குப் பிறகு, குறியுடைப்பாளர் பிடிபட்டால் ஆபத்து என்று அவர்களை மூட்டை கட்டி ஆபிரிக்காவில் மொம்பாசாவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் தங்கியது ஒரு பள்ளிக்கூடத்தில்! டிரான்ஸ்ஃபர் ஆன வாத்திமார் மாதிரி. ஆனால் அங்கே யப்பான் வானொலி சரியாகக் கேட்கவில்லை. பகைவனின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டே இல்லாத ஊருக்குப் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

யப்பானின் புதுப் புத்தகம்? ஒருவழியாக மே கடைசியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அமெரிக்கரின் மிட்வே தீவைத் தாக்கும் திட்டம் பழைய புத்தகத்திலேயே வானொலியில் போய்விட்டது. அமெரிக்கர் அதை வாசித்துவிட்டு ஜூன் 4ஆம் திகதி காத்திருந்தார்கள். நகுமோவின் விமானந்தாங்கிகளில் நாலு கடலுக்கு அடியில். தபால் பிந்தியதற்கு இவ்வளவு பெரிய தண்டம் கட்டிய கடற்படை வேறில்லை.

ஆங்கிலேயர் சிரிக்க வேண்டாம். 1940 நவம்பர் 11ஆம் திகதி, ‘ஒட்டோமெடன்’ என்ற சாதாரண சரக்குக் கப்பல் பினாங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது சுமாத்திராவுக்கு மேற்கே ஜெர்மன் வேட்டைக் கப்பல் ‘அட்லாண்டிஸ்’ மடக்கியது. ஏறிப் பார்த்தால், கிழக்கில் பிரிட்டனின் பலவீனங்களைப் புட்டுப் புட்டு வைக்கிற மந்திரிசபைப் பத்திரங்கள், வணிகக் கப்பல்களின் குறிப் புத்தகங்கள், எல்லாம் பையில். ஆபத்து வந்தால் கடலில் எறிந்தவுடன் மூழ்க வேண்டும் என்று பையில் ஓட்டையெல்லாம் போட்டிருந்தார்கள். எறிய வேண்டியவர்கள் முதல் குண்டிலேயே போய்விட்டார்கள். ஜெர்மன் கப்டன் ரொக்கேக்குப் பின்னால் யப்பான் சக்கரவர்த்தி ஒரு வாள் கொடுத்துக் கௌரவித்தார். கூரியர் கொம்பனிக்குக் கிடைக்க வேண்டிய வாள்.

இப்படித் திறப்புச் சுமந்து சுமந்து செத்த உலகத்துக்கு, 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்கர் ஒரு யோசனை சொன்னார்கள். திறப்பை ஏன் சுமக்கிறீர்கள்? ஆளுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பூட்டுவதற்கு, அதை ஊருக்கே கொடுங்கள். மற்றது திறப்பதற்கு, அதை யாருக்கும் காட்டாதீர்கள். பாலாடைக்கட்டியும் வேண்டாம், ஓட்டைப் பையும் வேண்டாம். கேட்டவுடன் இவ்வளவு எளிதா என்று வருகிறது. எளிதான யோசனைக்கு மனித குலம் எகிப்தியர் காலத்திலிருந்து காத்திருந்தது.

பிரிட்டிஷ் உளவுத்துறையில் ஜேம்ஸ் எல்லிஸ் என்பவர் இதை 1970இலேயே யோசித்திருந்தார், அவருடைய சகாக்கள் 1974க்குள் கணக்கையும் போட்டு முடித்துவிட்டார்கள். செய்ததை என்ன செய்தார்கள்? பூட்டி வைத்தார்கள். 1997 டிசம்பரில்தான் வெளியே சொன்னார்கள். எல்லிஸ் நவம்பரில் இறந்துவிட்டார். திறப்பை ஊருக்கே கொடுக்கலாம் என்று கண்டுபிடித்த மனிதருக்கு, கண்டுபிடித்தது நான்தான் என்று ஊருக்குச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை.

1991இல் ஃபில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் இதையே சாதாரண சனத்தின் ஈமெயிலுக்குக் கொண்டுவந்தார். பெயர் பி.ஜி.பி. அமெரிக்க அரசாங்கம் கொதித்தது: பலமான குறியாக்கம் ஆயுதம், ஆயுதத்தை ஏற்றுமதி செய்தாய் என்று மூன்று வருஷ விசாரணை. அவரும் லேசுப்பட்டவரில்லை, நிரல் முழுவதையும் 1995இல் புத்தகமாக அச்சடித்தார். ஃபுளொப்பியில் இருந்தால் ஏவுகணை, கடதாசியில் இருந்தால் இலக்கியம்! விசாரணை 1996 ஜனவரியில் கைவிடப்பட்டது.

வெற்றி. ஆனால் யார் பாவித்தது? 1999இல் இரண்டு ஆய்வாளர்கள், கணினி தெரிந்த பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு பி.ஜி.பி.யைக் கொடுத்து, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஒரு இரகசியக் கடிதத்தைப் பூட்டிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்றார்கள். மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. மூன்று பேர் இரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள். கோ-ரோ-ன்-போ பரம்பரை அழியவில்லை.

2012 டிசம்பரில் எட்வர்ட் ஸ்னோடன், உலகத்தின் மிகப் பெரிய உளவு இரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டிடம் தயவுசெய்து பி.ஜி.பி. போடுங்கள் என்று கெஞ்சினார். கிரீன்வால்ட் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டார். ஸ்னோடன் அலுத்துப்போய் லோரா போயிட்ரஸ் என்ற படத் தயாரிப்பாளரிடம் போனார். இதற்கெல்லாம் மேலே, 2015இல் ஒருவர் சிம்மர்மனுக்கே பி.ஜி.பி.யில் பூட்டிக் கடிதம் போட்டார். தன்னுடைய கருவியில் அது ஓடாது, சாதாரணமாகவே அனுப்புங்கள் என்று பதில் வந்தது. பூட்டைக் கண்டுபிடித்தவரே வாசலில் நிற்கிறார்!

ஏன் இந்தப் பாடு? மறுபடியும் அதே திருமலைப் பிரச்சினை. உப்புவெளியில் இருக்கிற நீங்கள், டொரொன்டோவில் இருக்கிற மச்சானுக்குக் காணி உறுதியை ஸ்கேன் பண்ணிப் பூட்டி அனுப்ப வேண்டும். அதற்கு மச்சானின் பூட்டுகிற திறப்பு உங்களுக்குத் தேவை. பொதுத் திறப்புக் களஞ்சியங்கள் இருந்தன, ஆனால் அங்கே யாரும் யார் பெயரிலும் திறப்புப் போடலாம், கியூ இளவரசர் உட்பட. சரிபார்க்க வேண்டுமென்றால் நாற்பது எழுத்தை ஃபோனில் ஒவ்வொன்றாக வாசித்து ஒப்பிட வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் ஒரு மண்டபத்தில் கூடிக் கடவுச்சீட்டைக் காட்டி ஒருவருக்கொருவர் திறப்பில் கையெழுத்திடுவார்கள். அதற்குப் பார்ட்டி என்று பெயர். அந்தப் பார்ட்டிக்கு யாராவது விரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? போனார்கள்! அவர்களைத்தான் நான் அதிகம் நேசிக்கிறேன்.

2016 கடைசியில் சில நிரலாளர்கள் கூடி, இனிமேல் மனிதனைத் திருத்த முடியாது, கடிதத்தைத் திருத்துவோம் என்று தீர்மானித்தார்கள். அடுத்த வருஷ டிசம்பரில் வந்தது ஒட்டோகிரிப்ட் என்கிற ஏற்பாடு. யோசனை ஒரு வரி: நீங்கள் அனுப்புகிற ஒவ்வொரு ஈமெயிலின் தலைப்பகுதியிலும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உங்கள் பொதுத் திறப்பு தானாகவே ஒட்டிக்கொண்டு போகும். மச்சானுக்கு எப்படிச் சுகம் என்று எழுதுகிறீர்கள், திறப்பு போய்விட்டது. அவர் நல்ல சுகம், இங்கே பனி என்று பதில் போடுகிறார், அவருடைய திறப்பு வந்துவிட்டது. இனிக் காணி உறுதியைப் பூட்டி அனுப்பலாம். இருவருக்கும் எதுவும் தெரியாது. நகுமோவின் விநியோக அதிகாரிக்கு இதைச் சொன்னால் அழுதிருப்பார்.

கண்டிப்பும் கிடையாது. இரண்டு பக்கமும் பூட்டுவதில் விருப்பம் என்று சொல்லியிருந்தால் மட்டுமே தானாகப் பூட்டும். மற்றப்படி ஒரு பட்டனைக் காட்டிவிட்டு மரியாதையாக ஒதுங்கி நிற்கும். மச்சான் திறப்பு ஒட்டாத வேறு செயலிக்கு மாறி, அதிலிருந்து கடிதம் போட்டுக்கொண்டே இருந்தால், முப்பத்தைந்து நாளுக்குப் பிறகு, இனி அவருக்குப் பூட்டி அனுப்பாதீர்கள், திறக்கத் தெரியாமல் முழிப்பார் என்று உங்களுக்கே அறிவுரை சொல்லும். குழுவாக எழுதுகிறபோது, பூட்டிய கடிதத்துக்குள்ளேயே மற்றவர்களின் திறப்புகளையும் வைத்து அனுப்பும், எல்லாரும் எல்லாருக்கும் பதில் போடலாம் என்று. குறியாக்க உலகத்தில் இவ்வளவு பதமாக மனிதரோடு பழகிய சாமான் வேறு நான் காணவில்லை.

ஆனால் திருகோணமலைத் தளபதி இதை ஏற்றிருக்கமாட்டார். முதல் கடிதத்தில் வந்த திறப்பை அது அப்படியே நம்புகிறது. நடுவில் நிற்கிற தபால்காரன் திறப்பை மாற்றி வைத்தால், மச்சான் என்று நினைத்துத் தபால்காரனுக்குத்தான் பூட்டி அனுப்புவீர்கள். செய்தவர்களுக்கும் இது தெரியும், ஒளிக்கவும் இல்லை: ஊர்க் கடிதம் எல்லாவற்றையும் சும்மா அள்ளி வாசிக்கிறவனை முதலில் நிறுத்துவோம், திட்டம் போட்டு வருகிறவனைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது. எதையும் நம்பாத தளபதியின் கோட்டையும் ஒரு மாதத்துக்குள் விழுந்ததுதானே? அதோடு, காணி உறுதி பூட்டுக்குள் போனாலும், பழைய ஈமெயில் வழக்கப்படி கடிதத்தின் பொருள் வரி பூட்டாமலேயே போகலாம். அதில் நீங்கள் ‘அம்மாவின் காணி உறுதி, மிக இரகசியம்’ என்று எழுதியிருப்பீர்கள்.

ஒட்டோகிரிப்டை ஒரு சில செயலிகள் எடுத்துக்கொண்டன. டெல்டா சட் அதன்மேலேயே வளர்ந்தது, கே-9 மெயில் சேர்த்துக்கொண்டது. ஜிமெயில் எடுக்கவில்லை. உங்கள் கடிதத்தைத் தானும் வாசிக்க முடியாத ஏற்பாட்டுக்கு ஏன் அவசரப்பட வேண்டும்?

இனிக் கடைசிச் சிக்கல், ஃபோனை மாற்றுகிற நாள். திறக்கிற திறப்பு பழைய ஃபோனுக்குள் இருக்கிறது, அதைப் புதியதற்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாவிட்டால் பழைய கடிதங்கள் முழுவதும் கல். இதற்கும் ஒட்டோகிரிப்ட் வழி வைத்தது: திறப்பைப் பூட்டி உங்களுக்கே ஒரு ஈமெயிலாக அனுப்பும், அதைத் திறக்க முப்பத்தாறு இலக்கம், நாலு நாலாக ஒன்பது கட்டு, திரையில் காட்டும். கடதாசியில் எழுதி வைக்கச் சொல்லும். நீங்கள் பேனாவைத் தேடுவீர்கள். மேசை லாச்சியில் நாலு பேனா இருக்கும், ஒன்றும் எழுதாது. ஆகவே திரையைப் போட்டோ எடுத்து, தொலைந்துவிடக் கூடாதே என்று, அதே முகவரிக்குச் சாதாரண ஈமெயிலில் அனுப்பிவைப்பீர்கள்.